மரணத்தின் வாசலில் மகான்கள்

21 வயதில் சமாதி கண்ட ஞானேஸ்வரர் முதல் 80 வயதில் சால மரத்தடியில் கண்மூடிய புத்தர் வரை

மும்பைக்கும் புனேக்கும் இடையே ஓடும் ரெயில்களில் ஒன்று இந்திராயணி எக்ஸ்பிரஸ். அதில் போய் வரும் தமிழர்கள் ஏராளம். ஆனால் இந்திராயணி என்பது ஒரு நதியின் பெயர் என்பதும், அந்த நதிக்கரையில் மராட்டியத்தின் 2 பெரிய மகான்கள் வாழ்வை நிறைவு செய்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

லோனாவாலா மலைப்பகுதியில் பிறக்கும் சிறிய நதி அது. கரையில் முதலில் வருவது தேஹு. துக்காராம் வாழ்ந்த ஊர். அதற்குக் கீழே ஆலந்தி. ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஊர். ஆலந்தி புனேயில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

சாதாரண மனிதனுக்கு மரணம் என்றால் பயம். அந்தச் சொல்லை வீட்டில் உச்சரிக்கக் கூடத் தயங்குகிறோம். ஆனால் "உடல் வேறு, ஆன்மா வேறு" என்றும், "எல்லாம் அழியக் கூடியவை" என்றும் ஊருக்கு உபதேசம் செய்த குருமார்கள், தங்களுடைய முறை வந்தபோது என்ன செய்தார்கள்? சொன்னபடி நடந்து கொண்டார்களா? அவர்கள் கற்றுத் தந்த பாடத்துக்கு அதுதானே கடைசிப் பரீட்சை!

நாள் குறித்த இளைஞர்

ஞானேஸ்வரர் 1275-ம் ஆண்டு பிறந்தவர் என்பது மரபு. நிவிருத்திநாதர் அண்ணன். சோபான் தம்பி. முக்தாபாய் தங்கை. தந்தை விட்டல் பந்த் காசிக்குச் சென்று சந்நியாசம் வாங்கியவர். குருவின் கட்டளைப்படி மீண்டும் குடும்ப வாழ்க்கைக்குத் திரும்பினார். "சந்நியாசியின் பிள்ளைகள்" என்று ஊர் அந்தக் குழந்தைகளை ஒதுக்கி வைத்தது. பெற்றோர் பிராயச்சித்தமாக உயிரை விட்டனர். பிள்ளைகள் 4 பேரும் அனாதைகள் ஆனார்கள்.

தாய் தந்தையின் மரணத்தை இளம் வயதில் பார்த்த அந்தச் சிறுவன்தான், 1290-ம் ஆண்டு நேவாசா என்ற ஊரில் பகவத் கீதைக்கு மராட்டிய மொழியில் விரிவுரை சொன்னான். சுமார் 9 ஆயிரம் ஓவிப் பாடல்கள் கொண்ட அந்த நூல்தான் ஞானேஸ்வரி. வயது 15! சம்ஸ்கிருதம் படித்தவர்களிடம் மட்டும் இருந்த கீதை, உழவனுக்கும் குயவனுக்கும் அவரவர் மொழியில் கிடைத்தது.

அதன் பிறகு 6 ஆண்டுகள். 1296-ம் ஆண்டு, கார்த்திக மாதத் தேய்பிறை திரயோதசி அன்று சமாதி கொள்வதாக அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. நோய் எதுவும் இருந்ததாகக் குறிப்பு இல்லை. தாம் வந்த வேலை முடிந்து விட்டது என்று அவர் கருதியதாக வார்கரி அடியார்கள் சொல்கிறார்கள்.

அழுதவர் யார்?

அன்று ஆலந்தியில் நடந்ததை, உடன் இருந்த பக்தர் நாமதேவர் பாடல்களாக விட்டுச் சென்றிருக்கிறார். சித்தேஸ்வரர் கோவில் அருகே நிலத்தடியில் இடம் தயார் செய்யப்பட்டது. அந்த இடத்தைச் சுத்தம் செய்தவர்கள் நாமதேவரின் பிள்ளைகள். அண்ணன் நிவிருத்திநாதர் தம்பியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று உட்கார வைத்தார். பிறகு வெளியே வந்து வாசலைக் கல்லால் மூடினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நிவிருத்திநாதர் வெறும் அண்ணன் அல்ல. ஞானேஸ்வரருக்கு அவர்தான் குரு. பற்றை விடச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் அன்று அவரால் தம்மை அடக்கிக் கொள்ள முடியவில்லை. கரை உடைந்த ஏரி போல் அழுதார் என்றே நாமதேவரின் பாடல்கள் காட்டுகின்றன. சீடன் அமைதியாக உள்ளே போகிறான். குரு வெளியே நின்று அழுகிறார்!

ஞானிகளின் வீட்டிலும் மரணம் என்றால் கண்ணீர் உண்டு. அதை மறைக்காமல் எழுதி வைத்ததுதான் அந்தப் பாடல்களின் பெருமை. அடுத்து வந்த மாதங்களில் தம்பி சோபான் சாஸ்வட் என்ற ஊரில் சமாதி அடைந்தார். தங்கை முக்தாபாய் மறைந்தார். நிவிருத்திநாதர் திரியம்பகேஸ்வரத்தில் சமாதி ஆனார். அண்ணன் தம்பி தங்கை 4 பேரும் ஏறத்தாழ ஒரே ஆண்டில் மறைந்து விட்டார்கள்.

சுமார் 300 ஆண்டுகளுக்குப் பின், பைட்டணைச் சேர்ந்த ஏக்நாதர் ஆலந்திக்கு வந்தார். அஜான மரத்தின் வேர் தம் கழுத்தைச் சுற்றி இறுக்குவதாக ஞானேஸ்வரர் அவர் கனவில் சொன்னாராம். ஏக்நாதர் வந்து வேரை அகற்றினார் என்பது கதை. கதை எப்படி இருந்தாலும், அவர் செய்த வேலை உறுதியானது. பல கைகள் பட்டுப் பிழை மலிந்து கிடந்த ஞானேஸ்வரியை, 1584-ம் ஆண்டு அவர் திருத்திப் பதிப்பித்தார். அந்த ஏக்நாதரும் 1599-ம் ஆண்டு கோதாவரியில் இறங்கி ஜல சமாதி அடைந்தார் என்பார்கள்.

மராட்டியர்கள் இன்றும் ஞானேஸ்வரரை "மாவுலி" என்றே அழைக்கிறார்கள். மாவுலி என்றால் தாய். 21 வயது இளைஞரை ஒரு சமுதாயமே தாய் என்று அழைக்கிறது!

தேஹுவில் நடந்தது என்ன?

துக்காராமின் கதை வேறு. அவர் மளிகைக் கடைக்காரர். மனைவி மக்கள் உள்ள குடும்பஸ்தர். பஞ்சத்தில் முதல் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். சாவு அவர் வீட்டுக்கு அழையாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பாட ஆரம்பித்தார்.

1650-ம் ஆண்டு பங்குனித் தேய்பிறை துவிதியை அன்று அவர் உடலோடு வைகுண்டம் சென்றார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்த நாளை "துக்காராம் பீஜ்" என்று தேஹுவில் கொண்டாடுகிறார்கள். அவர் உடல் கிடைக்கவில்லை. எதிரிகள் கொன்றிருப்பார்கள் என்று சந்தேகிக்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. தேஹுவில் துக்காராமுக்குக் கல்லறை இல்லை. பாடல்கள்தான் இருக்கின்றன.

நம் நாட்டு வாசகர்களுக்கு இந்த இடத்தில் வடலூர் நினைவுக்கு வரும். வள்ளலார் 1874-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்று தாளிட்டுக் கொண்டார். வெளியே வரவில்லை. பக்தர்கள் அவர் ஒளியில் கலந்ததாக வணங்குகிறார்கள். தைப்பூசத்துக்கு வடலூரில் கூடும் கூட்டத்தையும், கார்த்திகையில் ஆலந்தியில் கூடும் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று தோன்றும். புவனகிரியில் பிறந்த ராகவேந்திரரும் 1671-ம் ஆண்டு மந்திராலயத்தில் உயிரோடு பிருந்தாவனம் புகுந்தார் என்பது மரபு.

புத்தர் படுத்த படுக்கை

இனி பௌத்தர்களின் வழி. புனேயில் இருந்து லோனாவாலா செல்லும் லோக்கல் ரெயிலில் ஏறி மளவ்லி நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாஜா குகைகள். மறு பக்கம் கார்லா குகைகள். பாஜா 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அங்கே ஒரே இடத்தில் 14 சிறிய ஸ்தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. அங்கு வாழ்ந்து மறைந்த பிக்குகளின் நினைவுச் சின்னங்கள் அவை. சிலவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டு இருக்கின்றன.

அற்புதம், வைகுண்டம், ஒளி எதையும் அந்தக் கற்கள் சொல்லவில்லை. மூத்த துறவி ஒருவர் இங்கே இருந்தார், போனார் என்பதோடு சரி.

அவர்களுடைய ஆசான் போன விதமும் அப்படித்தான். புத்தருக்கு அப்போது வயது 80. உடல் பழைய வண்டியைப் போல் ஆகி விட்டது என்று அவரே சொல்லிக் கொண்டார். சுந்தன் என்ற கொல்லன் வீட்டில் சாப்பிட்ட பிறகு வயிற்றுப் போக்கு ஏற்பட்டது. அந்த நிலையிலேயே நடந்து குசிநகரம் சென்றார். 2 சால மரங்களுக்கு நடுவே படுக்கை விரிக்கச் சொன்னார்.

அந்தக் கடைசிப் பயணத்தில் அவர் செய்த காரியங்கள் 3. முதலாவது, சுந்தனைப் பற்றிக் கவலைப்பட்டார். "என் சோற்றால்தானே போய்விட்டார்" என்று அந்த ஏழை மனம் உடையக் கூடாது. அவன் இட்ட உணவு புண்ணியமே என்று அவனிடம் சொல்லுங்கள் என்றார். இரண்டாவது, கதவோரம் நின்று அழுத ஆனந்தரை அழைத்து, இத்தனை ஆண்டுகள் அன்போடு பணிவிடை செய்தாய் என்று பாராட்டித் தேற்றினார். மூன்றாவது, கடைசி நேரத்தில் கேள்வி கேட்க வந்த சுபத்திரர் என்ற பெரியவரைச் சீடர்கள் தடுத்தபோது, உள்ளே விடச் சொல்லிப் பதில் அளித்தார்.

தமக்குப் பின் யாரும் குரு அல்ல, தர்மமே குரு என்றார். சேர்ந்தவை எல்லாம் சிதையும், விழிப்போடு முயலுங்கள் என்பதே அவரது இறுதி உபதேசத்தின் சாரம்.

இந்த வரலாறு புனேத் தமிழர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தமிழர்கள் நிறைய வாழும் தேஹு ரோட்டில்தான், 1954-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி டாக்டர் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ந்தேதி நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர், 2 மாதம் முடிவதற்குள் டிசம்பர் 6-ந்தேதி காலமானார். முந்தின இரவு வரை, புத்தரைப் பற்றிய தம் நூலின் வேலையில் ஈடுபட்டிருந்தார்.

பெர்குசன் கல்லூரி பேராசிரியர்

புனேயில் வாழ்ந்த இன்னொரு பௌத்த அறிஞரின் முடிவு விசித்திரமானது. அவர் பெயர் தர்மானந்த கோசம்பி. 1876-ம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். புத்தரைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும் என்ற ஒரே தாகத்தில் 1899-ல் வீட்டை விட்டுக் கிளம்பினார். புனே, காசி, நேபாளம் என்று அலைந்து, கடைசியில் இலங்கைக்குப் போய்ப் பாலி மொழி படித்துப் பிக்குவானார். சென்னையிலும் பர்மாவிலும் தங்கினார். 1912 முதல் 1918 வரை புனே பெர்குசன் கல்லூரியில் பாலி மொழி கற்பித்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரை சென்று பாலி நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார்.

வயதான காலத்தில் நோய் வாட்டியது. இனி யாருக்கும் பயன்பட முடியாது, பாரமாக இருக்கக் கூடாது என்று எண்ணினார். சமணத் துறவிகள் சல்லேகனை என்ற பெயரில் உணவைத் துறந்து உயிர் விடுவது உண்டு. தமிழில் அதை வடக்கிருத்தல் என்போம். பிசிராந்தையார் கதை நமக்குத் தெரியும். அந்த வழியைப் பௌத்த அறிஞரான கோசம்பி தேர்ந்தெடுத்தார். 1946-ல் அவர் தொடங்கிய உண்ணா நோன்பை நிறுத்தும்படி காந்தியடிகள் கேட்டுக் கொண்டார். அவர் சொல்லை ஏற்று நிறுத்தினார். ஆனால் மறு ஆண்டு வார்தா அருகே சேவாகிராமத்தில் மீண்டும் உணவை விட்டார். சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு, 1947 ஜூன் 4-ந்தேதி உயிர் பிரிந்தது. வயது 70.

மறுநாள் டெல்லி பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்தியடிகள் அவரைப் பற்றிப் பேசினார். தன்னைத் தானே விளம்பரம் செய்து கொள்பவர்களைக் கொண்டாடும் நாடு, ஓசையின்றி உழைத்த இவரை அறியாமல் இருந்து விட்டதே என்ற பொருளில் வருந்தினார்.

கோசம்பியின் மகன் டி.டி.கோசம்பி. கணித மேதை, வரலாற்று ஆசிரியர். டெக்கான் குயின் ரெயிலில் புனேயில் இருந்து தினமும் பம்பாய் சென்று வேலை பார்த்தவர். அவர் 1966-ல் புனேயில் காலமானார்.

காந்தியடிகளின் சீடர் வினோபா பாவேயும் இப்படியே விடைபெற்றார். பூமிதான இயக்கத்துக்காக நாடு முழுவதும் நடந்தவர். 1982 நவம்பரில் மாரடைப்பு ஏற்பட்ட பின், உணவு, தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம் என்று மறுத்து விட்டார். நவம்பர் 15, தீபாவளி அன்று பவனார் ஆசிரமத்தில் காலமானார். வயது 87. இது சமாதியா, தற்கொலையா என்ற வாதம் அப்போதும் எழுந்தது.

திருவண்ணாமலையில்

நாள் குறித்துப் போனவர்களைப் பார்த்தோம். மரணம் தானாக வரட்டும் என்று காத்திருந்தவரும் உண்டு. அவர் ரமண மகரிஷி.

ரமணர் 1896-ம் ஆண்டு, 16 வயதில், மதுரையில் மாமா வீட்டில் இருந்தபோது திடீரென்று மரண பயத்துக்கு ஆளானார். டாக்டரைக் கூப்பிடவில்லை. பிணம் போல் கை கால்களை நீட்டிப் படுத்து, "செத்துப் போவது எது?" என்று தமக்குள் ஆராய்ந்தார். உடல் போகும், "நான்" போகாது என்று தெளிந்தார். சில வாரங்களில் திருவண்ணாமலைக்கு ரெயில் ஏறினார்.

அந்தத் தெளிவுக்கு 53 ஆண்டுகள் கழித்துச் சோதனை வந்தது. இடது கையில் சிறு கட்டி தோன்றியது. அது புற்றுநோய். 1949-ல் மட்டும் 4 ஆபரேஷன்கள் நடந்தன. கையை வெட்டி எடுக்கலாம் என்றபோது அவர் சம்மதிக்கவில்லை. மற்றபடி டாக்டர்கள், வைத்தியர்கள் யார் எதைச் செய்ய வந்தாலும் தடுக்கவில்லை. வைத்தியம் தமக்காக அல்ல, அவர்கள் திருப்திக்காக என்பது போல் இருந்தார். என்னை விட்டுப் போகிறீர்களே என்று அழுதவர்களிடம், எங்கே போவேன், இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னார்.

கடைசி நாளிலும் தரிசனம் நிறுத்தப்படவில்லை. கால் பிடித்து விட்ட தொண்டரைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. உடனே "சந்தோஷம்" என்று பொருள் சொன்னார். 1950 ஏப்ரல் 14-ந்தேதி இரவு 8.47 மணிக்கு, வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக் கொண்டிருக்க, மூச்சு நின்றது.

புற்றுநோயால் வலி இல்லாமல் இருந்திருக்காது. வலி உண்டு என்பதை அவர் மறுக்கவும் இல்லை. ஆனால் நோயாளிக்கே உரிய எரிச்சல், கோபம், பிறரைக் குறை சொல்வது எதுவும் அங்கே இல்லை.

அன்று மதுரைச் சிறுவன் படுத்த படுக்கை, புனேயில் பல ஆயிரம் பேருக்குப் பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டது. தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1937-ல் புனேக்கு வந்து, உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். அய்யங்கார்தான் அந்த ஆசிரியர். தலைகீழாக நிற்பதை விடக் கடினமான ஆசனம் எது? சவாசனம்தான் என்பார் அவர். சும்மா படுத்துக் கிடப்பது அவ்வளவு கஷ்டம்! 90 வயதைக் கடந்தும் ஆசனம் செய்து வந்த அவர், 2014 ஆகஸ்டு 20-ந்தேதி புனேயில் காலமானார். வயது 95.

விஞ்ஞானம் சொல்வது

திபெத்திய பௌத்தர்களிடம் "துக்தம்" என்ற நம்பிக்கை உண்டு. பெரிய லாமாக்கள் இறந்த பிறகும் சில நாட்கள் தியானத்தில் இருப்பதாகவும், அதுவரை உடல் கெடாது என்றும் சொல்வார்கள். தலாய் லாமாவின் ஆசிரியர் லிங் ரின்போச்சே 1983 டிசம்பரில் தர்மசாலாவில் காலமானபோது, 13 நாட்கள் அந்த நிலையில் இருந்ததாகக் கூறப்பட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். துக்தம் நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட துறவிகளின் தலையில் கருவி பொருத்திப் பார்த்ததில், மூளையில் மின் அசைவு எதுவும் பதிவாகவில்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். நம்புகிறவர்களின் நம்பிக்கை இதனால் குறையவில்லை. மரணத்துக்குப் பின் என்ன என்பது இன்னும் கருவிக்கு அகப்படவில்லை. மரணத்துக்கு முன் அவர்கள் எப்படி நடந்து கொண்டார்கள் என்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

நமக்கு என்ன பாடம்?

இந்த மகான்களைப் பார்த்து நாமும் உணவை விடலாமா? கூடாது. அவர்களே அப்படிச் சொல்லவில்லை. ஞானேஸ்வரர் போன வழியில் போகும்படி வார்கரி மரபு யாருக்கும் உபதேசிக்கவில்லை. துளசி மாலை அணிந்து, பாடிக் கொண்டு பண்டரிபுரத்துக்கு நட; வீட்டில் உன் கடமையைச் செய் என்றுதான் சொல்கிறது. அது வாழ்வதற்கான வழி. மனச்சோர்வில் உயிரை விட நினைப்பது வேறு. அதற்கு வேண்டியது வைத்தியமும் துணையும்.

ஆனால் வேறொரு கேள்வி நம் வீடுகளில் தினமும் எழுகிறது. கிர்கீ, தேஹு ரோடு என்று தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களின் பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். தந்தி வந்த காலம் போய், செல்போனில் செய்தி வருகிறது. "அப்பாவுக்கு முடியவில்லை. வென்டிலேட்டரில் வைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?" ரெயிலில் ஏறுவதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டி இருக்கிறது. வைத்தால் வதை. வேண்டாம் என்றால் பெற்றவரைக் கைவிட்டோமோ என்ற உறுத்தல், ஆயுள் முழுவதும்.

இதற்குச் சட்டம் இப்போது ஒரு வழி காட்டி இருக்கிறது. குணமாக வாய்ப்பு இல்லாத நிலையில் செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று, சுய நினைவோடு இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-ந்தேதி தீர்ப்பு அளித்தது. அதற்கான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. சமணர்களின் சந்தாரா நோன்புக்கு ராஜஸ்தான் ஐகோர்ட்டு 2015 ஆகஸ்டில் விதித்த தடையையும், அதே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது.

ஆனால் காகிதத்தில் எழுதுவதற்கு முன் வாயால் பேச வேண்டும். அதைத்தான் நாம் செய்வதில்லை. மகான்கள் செய்தது அதைத்தான். புத்தர் தம் முடிவைப் பற்றி ஆனந்தரிடம் முன்கூட்டியே பேசினார். ஞானேஸ்வரர் அண்ணனிடமும் அடியார்களிடமும் சொல்லி விடைபெற்றார். கையை வெட்ட வேண்டாம் என்பதை ரமணர் தம் வாயாலேயே சொன்னார். உடன் இருந்தவர்கள் அழுதார்கள். ஆனால் "என்ன நினைத்தாரோ" என்று பிறகு தவிக்க வேண்டிய நிலையை, அந்தப் பெரியவர்கள் யாருக்கும் வைக்கவில்லை. சோறு போட்ட கொல்லனைக் கூட உறுத்தலில் விட்டுச் செல்ல புத்தருக்கு மனம் வரவில்லை.

கார்த்திகைத் தேய்பிறையில் ஆலந்திக்குப் போனால், இந்திராயணிப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. மிருதங்கமும் தாளமும் காதைப் பிளக்கும். திரயோதசி அன்று நாமதேவரின் சமாதிப் பாடல்கள் பாடப்படும்போது, முரட்டு விவசாயிகள் தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். 700 ஆண்டுகளுக்கு முன் நடந்த மரணத்துக்கு இன்றும் அழுகிறார்கள். அழுது முடித்துச் சாப்பிட்டு விட்டு, ஊருக்கு நடக்கிறார்கள். வயலில் வேலை காத்திருக்கிறது.